ஆற்று வாளையும் பாணர் தூண்டிலும்

பாணர் என்றதும் நம் நினைவில் முதலில் எழுவது யாழ்; அடுத்து எழுவது பசி. அண்மையில் ஈன்ற நாய் அடுக்களையில் கிடந்து குரைப்பதையும், பாணன் மனைவி குப்பைக்கீரையை உப்பின்றி வேகவைத்துப் பிறர் காண நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு உண்பதையும் சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டுவார். அக்காட்சியை நம் வட்டத்தின் கூட்டங்களில் எத்தனையோ முறை எடுத்துப் பேசியிருக்கிறோம். அப்பாட்டின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மானாடு நம் நாடு. அவனது கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. எயிற்பட்டினத்தை மரக்காணம் என்பர் அறிஞர். ஆகவே பாணர் நமக்கு அயலார் அல்லர். ஆயினும் அவர் கையில் இருந்த மற்றொரு கருவியை நாம் பேசியதில்லை. அது தூண்டில். அத்தூண்டிலுக்குரிய இரையைச் சுமந்த தோற்பையைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை. இக்கட்டுரை அப்பையைப் பற்றியது. என் பிழையொன்றைத் திருத்திக்கொள்வதும் ஆகும்.

முதலில் பாட்டுச் செய்தி. 500 அடிகள் கொண்ட பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்பைப் பாடி முடித்தபின், நீர்க்கரையில் நிற்கும் பாண்மகன் ஒருவனைக் காட்டுகிறார். பச்சை இறைச்சி இட்ட தோற்பை அவன் தோளில் கட்டப்பட்டிருக்கிறது. கையில் நீண்ட மூங்கிற்கோல். கோலின் நுனியில் கயிறு. கயிற்றில் வளைந்த வாயையுடைய இரும்பு. இரும்பின்மேல் பொதிந்த இரை. வாளை ஒன்று அவ்விரையைக் கவ்வி இழுத்துக்கொண்டு, இரும்பைத் தனியே விட்டுத் தப்பிவிடுகிறது. தப்பிய பின்னும் அதன் அச்சம் தீரவில்லை. கரையோரப் பிரம்பின் நிழல் நீரில் அசைவதைக் கண்டு, அதனையும் தூண்டிற்கோல் என்று எண்ணி வெருள்கிறது.

இப்பகுதியைப் பல ஆண்டுகள் நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். வாளை என்ற சொல்லுக்கு, வாள்போல் தட்டையாக நீண்டு மின்னும் கடல்மீன் என்று பொருள் சொல்லி வந்தேன். கடைத்தெருவில் சாவாளை என்றும் ஓலைவாளை என்றும் விற்பார்களே, அதுவே என் மனத்தில் இருந்தது. என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் அடிக்குறிப்பு ஒன்றிலும் அவ்வாறே எழுதினேன். ஆய்வேட்டைப் படித்தவர் எவரும் அதனைக் குறையாகச் சொல்லவில்லை. சொன்னவன், சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மாணவன். பிடாகத்துக்கு அருகில் தென்பெண்ணைக் கரையூர்க்காரன். “அம்மா, கடல் வாளைக்கு ஏன் பிரம்பு நெழலு? கரையில பிரம்பு மொளைக்கிறது ஆத்துலயும் குளத்துலயுந்தானே. இது ஆத்து வாளைம்மா” என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் சொன்னதே சரி. ஆற்று வாளை கெளுத்தி வகையைச் சேர்ந்தது. செதில் இல்லாதது, மீசை உடையது, ஒரு மீட்டருக்கும் மேல் வளர்வது. அதன் வாய்ப்பிளவு கண்ணையும் கடந்து பின்னே செல்லும். உருத்திரங்கண்ணனார் அம்மீனுக்குத் தந்த அடை ‘போழ்வாய்’ என்பது. பிளந்த வாய் என்று உரை சொல்லி நகர்ந்துவிடுகிறோம். மீனை நேரில் கண்டவர் அச்சொல்லை வெற்று அடையாகக் கொள்ளமாட்டார். கரையோரப் பொந்துகளில் பதுங்கியிருந்து சிறுமீனைப் பாய்ந்து பற்றுவது அதன் இயல்பு. ஆதலால் கரைப்பிரம்பின் நிழலும் அதற்கு அண்மையிலேயே இருக்கும். 1801ஆம் ஆண்டில் ஐரோப்பிய அறிஞர் இம்மீனுக்கு இட்ட இலத்தீன் பெயரின் பிற்பகுதி ‘அட்டு’ என்பது. என் காதுக்கு அது நம் பேச்சு வழக்கின் ‘ஆத்து’ என்றே ஒலிக்கிறது.

அவ்வாண்டுத் தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா முடிந்த மறுவாரம், மாணவனின் பாட்டனாரைக் காணச் சென்றேன். எழுபதைக் கடந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். பெரும்பாணாற்றுப்படைச் செய்தியை நான் உரைநடையில் சொல்லச் சொல்லக் கேட்டவர், மீன் தப்பிய இடத்தில் நிறுத்தச் சொல்லி, “பையில இன்னா எரன்னு சொன்னீங்க?” என்று வினவினார். பச்சை இறைச்சி என்றேன். “அதான் வாளை வந்துச்சு. கெளுத்திக்கு நாத்தம் வேணும் டீச்சரம்மா. வாளைக்கு நாத்தம் ஆவாது. பச்சையா இருந்தாத்தான் வாய் வைக்கும்” என்றார்.

இரை தேர்வது பற்றி அன்று அவர் சொன்னவை ஒரு முழு வகுப்பு. சிறு கெளுத்திக்கு மண்புழு போதும். மழை பெய்து நீர் கலங்கிய மாலையில் அதுவே நல்லது. பெருங்கெளுத்திக்குக் கோழிக்குடலை ஓரிரவு வைத்திருந்து மறுநாள் மாட்ட வேண்டும். கலங்கல் நீரில் கெளுத்தி கண்ணால் இரை தேடுவதில்லை, மீசையால் தேடுகிறது. மீசையில் மட்டுமன்றி உடம்பின் தோலெங்கும் சுவையறியும் நுண்ணுறுப்புகள் அதற்கு உண்டு என இன்றைய உயிரியல் கூறும். முதியவர் அதனை “ஒடம்பே நாக்கு” என்றார். விராலுக்கு உயிருள்ள தவளைக்குஞ்சு. அது துடிக்க வேண்டும். வாளைக்கு உயிர்க்கெண்டை, கிடைக்காவிட்டால் அன்று அறுத்த இறைச்சி. இறைச்சியை முள்ளில் குத்தித் தொங்கவிட்டால் வாளை அதன் வாலைப் பிடித்துக் கிழித்துக்கொண்டு போய்விடும். முள்ளின் நுனி வரை சுற்றி மூட வேண்டும்.

இங்கே நான் மீண்டும் பாட்டுக்குத் திரும்ப நேர்ந்தது. பாட்டில் உள்ள சொல் ‘பொதி இரை’. பொதிதல் என்பது உள்ளே ஒன்று இருக்க அதனைச் சுற்றி மூடுதல். புலவர் ‘மாட்டிய இரை’ என்று பாடவில்லை. சூதாட்டத்தின் வெற்றி, மீன் விழுங்கிய தூண்டில் இரும்பு போன்றது என்று சொல்லும் 931ஆம் குறளுக்கு உரை கண்ட பரிமேலழகரும், இரையால் மறைந்த இரும்பு என்றே விளக்குகிறார். ‘பச்சூன்’ என்பதில் உள்ள பசுமையும் அவ்வாறே தொழிற்குறிப்பு. அது பாணனின் வறுமையைக் காட்டுவது என்று ஒருமுறை நான் வகுப்பில் சொன்னதுண்டு. அது வறுமையன்று, வாளைக்குரிய இரை என்பதே இன்று என் துணிபு. இன்னுமொரு சொல்லையும் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. இரை இட்ட பை ‘இரைப்பை’ தானே? அச்சொல்லை நாம் வயிற்றுக்குக் கொடுத்துவிட்டோம். நைலான் தூண்டிற்கயிற்றை இன்று ஆற்றங்கரையில் ‘நரம்பு’ என்கிறார்கள். யாழில் இருந்ததும் நரம்பே.

வாளை மட்டுமன்று, சிறு கெளுத்தியும் பாணர் கைக்கு வந்த மீன்தான். ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் ஓரம்போகியார் பாடிய 47ஆம் பாட்டில், பாண்மகள் ‘கெடிறு’ என்னும் மீனைக் கொண்டுவந்து கொட்டிய வட்டியில் மனையோள் பயறு நிறைத்துத் தருகிறாள். கெடிறே பின்னாளில் கெளிறு. நம் வழக்கில் கெளுத்தி. அடுத்த பாட்டில் அவள் கொண்டுவருவது விரால்; பெறுவது ஆண்டு கழிந்த பழைய வெண்ணெல். கெளுத்திக்குப் பயறும் விராலுக்குப் பழநெல்லும் என்ற வேறுபாட்டைச் சந்தை விலையாகக் கொள்ளலாமா என்பது ஆராய்தற்குரியது. நான் கொள்ளவே விரும்புகிறேன். அகநானூற்றின் 216ஆம் பாட்டிலோ பாண்மகளே நாண் கட்டிய நுண்கோலால் விரால் பிடிக்கிறாள். பிடித்ததை வஞ்சி விறகில் சுட்டு, கள்ளுண்டு கிடக்கும் தந்தைக்கு ஊட்டுகிறாள். தூண்டில் ஆடவர்க்கே உரியது என்று எண்ணுவோர் ஐயூர் முடவனாரின் இப்பாட்டைப் படிக்க வேண்டும்.

நம் ஓய்மானாட்டுக்கே உரிய சிறுபாணாற்றுப்படையில் தூண்டில் பிடிக்கும் பாணன் இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீனும் ஆமூரில் நண்டுக் கலவையும் பெறும் பாணனே அதில் உண்டு. தூண்டிலைத் தந்தது வடக்கே உள்ள காஞ்சித் தலைவன் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பாட்டு. அண்டை வீட்டுச் சான்று என்று தள்ளிவிடத் தக்கதன்று. இரு நாட்டுக்கும் பாணர் ஒரே பாணர்.

வரலாற்றாசிரியர் இத்தூண்டிற்காரனை ஏன் காணவில்லை? அவன் வரி கட்டவில்லை என்பதே என் விடை. இடைக்காலக் கல்வெட்டுகளில் மீன்பாட்டம், பாசிப்பாட்டம் என்னும் சொற்கள் வருகின்றன. இன்றும் நம் ஊர் ஏரிகளுக்கு ‘மீன் பாசி ஏலம்’ என்று அறிவிக்கிறார்கள், சொல்கூட மாறவில்லை. குத்தகை எடுத்தவன் வலை வீசி ஏரியை அரித்து எடுப்பான். அவன் பெயர் கணக்கில் ஏறும். பாயும் ஆற்றில் ஒரு கோலும் ஒரு பிடி இரையும் கொண்டு நிற்பவனை எந்த ஏட்டில் எழுதுவது? கல்வெட்டு விட்டதைப் பாட்டு எழுதிவைத்தது. 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சேற்றியிராவிட்டால் அப்பாட்டுச் சான்றும் நம் கைக்கு எட்டியிராது.

ஆற்றின் நிலையைச் சுருங்கச் சொல்கிறேன். 1958இல் சாத்தனூர் அணை வந்தபின் தென்பெண்ணையின் ஓட்டம் மாறியது. சங்கராபரணியில் வீடூர் அணை வந்தது. பின்னர் மணல் போயிற்று. 2021இல் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு உடைந்தது. 2024இல் ஃபெஞ்சல் புயலின் வெள்ளம் கரையூர்களுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்தால் மடுவில் நீர் நிற்க வேண்டும். மடுவில்தான் வாளை தங்கும். ஆற்று வாளையை அழிய வாய்ப்புள்ள இனங்களின் வரிசையில் இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வைத்திருக்கிறது. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. ஆயினும் அது நம் நீர்நிலைகளை விட்டு நீங்கவில்லை. “அதுக்கு எர தேட வேணாம், எதப் போட்டாலும் திங்கும்” என்றார் முதியவர். கடைசியாக வாளை பிடித்தது எப்போது என்று கேட்டேன். மகளுக்கு மணம் முடித்த ஆண்டு என்றார். அம்மகளின் மகன்தான் என்னைத் திருத்திய மாணவன்.

ஊர் திரும்பியதும் ஆய்வேட்டின் என் படியை எடுத்து, அந்த அடிக்குறிப்பை அடித்துவிட்டு ‘ஆற்று வாளை’ என்று எழுதினேன். பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள படி பழையபடியே இருக்கும். கோலுக்கு எந்த மூங்கில் ஏற்றது என்பதை அவரிடம் கேட்க மறந்துவிட்டேன். அடுத்த தை ஐந்துக்குப் போகும்போது கேட்க வேண்டும்.