பிடிபடாத காளையின் வம்சம்

1893-ஆம் ஆண்டு. திருவனந்தபுரத்தை அடுத்த வெங்கானூரில் அய்யன்காளி ஒரு வில்வண்டியும் இரண்டு காளைகளும் வாங்கினார். காளைகளின் கழுத்தில் பெரிய மணிகளைக் கட்டி, தலைப்பாகையோடு ஏறி உட்கார்ந்து, சாதியின் பேரால் தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் வண்டியை ஓட்டிப்போனார். அந்த வில்லுவண்டி யாத்திரையைக் கேரளம் இன்றும் கொண்டாடுகிறது. வெள்ளையம்பலத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஆனால் அப்படியொரு வண்டியில் பூட்ட இரண்டு நாட்டுக்காளை வேண்டுமென்றால் இந்த நகரத்தில் எங்கே போய்த் தேடுவது?

நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன். மாட்டு வைத்தியம் படித்துவிட்டு வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்தவன். ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டேன். இரண்டு மண்ணின் தொழுவங்களையும் அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உழைப்புக்குத் தேவைப்படாத காளை ஊருக்குள் பிழைத்திருக்க வேண்டுமானால், ஊர் அதற்கு வேறொரு மரியாதை கொடுத்தாக வேண்டும்.

நாஞ்சில்நாட்டு நெல் ஒரு காலத்தில் மாட்டுவண்டிகளில்தான் திருவனந்தபுரத்தின் சாலைக் கம்போளத்துக்கு வந்தது. பிறகு லாரி வந்தது, வயலுக்கு டிராக்டர் வந்தது. 1961-இல் கேரளம் கால்நடை அபிவிருத்திச் சட்டம் கொண்டுவந்தது. உரிமம் இல்லாமல் பொலிகாளை வைத்திருக்க முடியாமல் போனது. மற்றவற்றைக் காயடிக்க வேண்டியிருந்தது. 1963-இல் மாட்டுப்பெட்டியில் இந்திய-சுவிஸ் திட்டம் தொடங்கியது. கலப்பினப் பசுவால் ஏழை வீடுகளில் பால் பெருகியது. அந்த நன்மையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் வைக்கம் பக்கத்து வெச்சூர்க் குட்டை மாடு அழிவின் விளிம்புக்குப் போய்விட்டது. மண்ணுத்தியில் பேராசிரியர் சோசம்மா ஐப் தம் மாணவர்களோடு ஊர் ஊராகத் தேடி, 1989-இல் அதை மீட்கும் வேலையைத் தொடங்கினார். வம்சத்தைக் காக்கப் பொலிகாளை கிடைப்பதே அப்போது அரிதாக இருந்தது.

ஸ்பெயினில் நடந்தது வேறு. அங்கே சண்டைக்காளைக்கு ஏரும் இல்லை, வண்டியும் இல்லை. ஓக் மரங்கள் நிற்கும் பரந்த மேய்ச்சல் காடுகளில் நான்கைந்து வயது வரை சுதந்திரமாக வளர்கிறது. களத்தில் இறங்கும் வரை தரையில் நின்று துணி வீசும் மனிதனை அது பார்த்திருக்கக் கூடாது என்பது விதி. அதனால் வீரத்தைப் பசுக்களிடம்தான் சோதிக்கிறார்கள். குதிரைமேல் இருப்பவனின் ஈட்டி குத்தியும் பின்வாங்காமல் திரும்பத் திரும்பப் பாயும் பசுவே தாயாகத் தேர்வாகிறது. காளைக்குத் தாயின் பெயரையே ஆண்பால் ஆக்கிச் சூட்டும் வழக்கமும் உண்டு. 1947 ஆகஸ்டில் லினாரெஸ் நகரில் புகழ்பெற்ற வீரர் மனோலெத்தேயைக் குத்திச் சாய்த்த மியூரா பண்ணைக் காளை இஸ்லேரோவின் பெயர் அந்த வீரரின் பெயரோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. கோயா 1816-இல் காளைப்போரைச் செதுக்கோவிய வரிசையாகவே வெளியிட்டார். 1950-களில் ஆஸ்போர்ன் மது நிறுவனம் சாலையோரங்களில் நிறுத்தத் தொடங்கிய கறுப்புக் காளை விளம்பரங்களை அகற்றச் சொன்னபோது, நிலக்காட்சியின் பகுதியாகிவிட்டவை என்று 1997-இல் ஸ்பெயினின் உச்ச நீதிமன்றம் அவற்றை நிற்க விட்டது. இவ்வளவு மதிப்புக்குரிய காளை, களத்தில் இறங்கிய இருபது நிமிடத்துக்குள் வாளுக்கு இரையாகிறது. மன்னிப்புப் பெற்றுப் பண்ணைக்குத் திரும்புவது மிகச் சிலவே. உயிரைப் பிழைக்க வைப்பதைத் தொழிலாகக் கொண்ட என்னால் அதை ஏற்க முடியாது.

நம் ஜல்லிக்கட்டின் வாடிவாசலில் மனிதன் வெறுங்கையோடு நிற்கிறான். திமிலை மட்டும் பிடிக்கலாம். கொம்பையோ வாலையோ தொடக் கூடாது. அணைய முடியாமல் போனால் பரிசு காளைக்கு. பிடிபடாத காளையின் பெயர் ஊர் ஊராகப் பரவும். அதைத் தேடிப் பசுக்களை ஓட்டி வருவார்கள். ஸ்பெயின்காரர்கள் தாயைச் சோதித்து வம்சம் வளர்த்தார்கள் என்றால், நம்மவர்கள் காளையையே களத்தில் சோதித்து, உயிரோடு வீட்டுக்குக் கூட்டிவந்து வளர்த்தார்கள்.

ஊருக்குப் போயிருந்தபோது ஒரு புலிக்குளம் இனக் காளைக்கு ஊசி போட வேண்டியிருந்தது. வாடிவாசலில் யாரையும் அண்ட விடாத காளை அது. வளர்த்த அக்கா அதன் அலைதாடியை நீவிக்கொண்டே சொன்னார்: "டாக்டர் தம்பி, ஊசியை மறைச்சு வச்சுக்கங்க. நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க போட்டுருங்க." முதல் நாள் மாடு மண்ணைக் குத்திய கதையை அவர் சொல்லச் சொல்ல, அது காதை மட்டும் திருப்பிக் கேட்டுக்கொண்டு நின்றது. போட்டு முடித்தேன். ஒரு துள்ளல் இல்லை.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரண்டார்கள். மாநிலச் சட்டத் திருத்தம் வந்தது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மூன்று மாநிலங்களின் சட்டங்களும் செல்லும் என்றது. அந்த வரிசையில் கேரளம் இல்லை. அறுத்த வயலின் சேற்றில் காளைகளை ஓட்டும் மரமடிக்காக அப்படியொரு கூட்டம் கூடவில்லை.

களத்தில் மனிதர்கள் சாகிறார்கள், காளைகளும் காயப்படுகின்றன. மருத்துவப் பரிசோதனையும் உறுதியான தடுப்பும் இல்லாத ஊரில் விளையாட்டை நடத்தவே கூடாது என்பேன். அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் உண்டு. புலிக்குளம் மாட்டின் வேர் கிடையில் இருக்கிறது. கீதாரிகள் மந்தையை ஓட்டிப்போய் இரவில் வயலில் கிடை போடுவார்கள். சாணமும் கோமியமும் நிலத்துக்கு உரம், அதற்கான கூலி அவர்களுக்குப் பிழைப்பு. ரசாயன உரம் அந்தக் கூலியைக் குறைத்தது. மேய்ச்சல் புறம்போக்கும் சுருங்கிவருகிறது. ஸ்பெயின் காளைக்குக் காடு இருக்கிறது. நம் காளையின் தாய்க்கு மேய இடமில்லை. ஜெயித்த காளைக்குக் காரும் பைக்கும் பரிசளிக்கிறோம். மெரினாவில் கூடிய கூட்டம் கீதாரிக்கு மேய்ச்சல் நிலம் கேட்டும் ஒருநாள் கூட வேண்டும்.