அவுல்ஹார: கண்டி ஆட்டக்காரரின் மணிவலை

கண்டி எசல பெரஹராவில் ஆடிவரும் வெஸ் கலைஞர் தைத்த சட்டை அணிவதில்லை. அவர் மார்பை மூடியிருப்பது கண்ணாடி மணிகளால் பின்னிய வலை. சிங்களத்தில் அதனை 'அவுல்ஹார' என்பர். 'அவுல்' என்றால் சிக்கல். 'ஹார' நம்முடைய ஆரமேதான்.

பொருத்தமான பெயர். துணியின்மேல் மணி தைக்கும் வேலையன்று இது. நூலும் மணியுமே ஆடையாகின்றன. பக்கத்து இழைகள் ஒரு மணிக்குள் சந்தித்துப் பிரிந்து, அடுத்த வரிசையில் வேறு இழைகளோடு சந்திக்கின்றன. இப்படியே சாய்சதுரக் கண்கள் விழுகின்றன. ஓரிடத்தில் எண்ணிக்கை பிசகினால் கீழுள்ள கோலம் முழுவதும் கோணிவிடும். அவிழ்ப்பதைத் தவிர வழியில்லை.

சொற்களைத் துருவுவது பத்திரிகைத் தொழில் எனக்குத் தந்த பழக்கம். இந்த ஆட்டக்காரரின் காலில் 'சிலம்பு', காதில் 'தோடு', கையில் 'பந்தி வளலு'. மணிக்குச் சிங்களச் சொல் 'பபலு'. அதுவும் நம் பவளமும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. இவற்றைக் காட்டி, 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நாயக்க மன்னர்களையும் துணைக்கழைத்து, ஆட்டமே நம்முடையது என்று முழங்குவோர் உண்டு. அவசர முடிவு என்பேன். நகையின் பெயர் பயணம் செய்யும். அதனால் நகை அணிந்தவர் நம்மவராகிவிடமாட்டார். (எதிர்த்தரப்பில், இச்சொற்கள் காதில் விழாததுபோல் நடப்போரும் உண்டு.)

வெஸ் உடை 'கொஹொம்ப கங்காரிய' என்னும் சடங்குக்கு உரியது. பண்டுவாசுதேவ மன்னனின் நோய் தீர்க்கக் கடல் கடந்து ஒருவர் வந்தார் என்கிறது அச்சடங்கின் கதை. உரிமை என்று பேசினால், அது சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட பெரவா குலத்தாரையே சேரும். ஊழிய நிலம் பெற்று, தலைமுறைதோறும் கொட்டியும் ஆடியும் வந்தவர்கள் அவர்கள். 1815இல் அரசு வீழ்ந்து ஆதரவு குன்றியபோதும் நித்தவெல, அமுனுகம, தித்தபஜ்ஜல முதலிய ஊர்க் குடும்பங்கள் அதைக் கைவிடவில்லை. நித்தவெல குணயா, தித்தபஜ்ஜல சுரம்பா ஆகியோரின் பெயர்கள் அவ்வழியில் வந்தவை.

பிற்காலத்தில் அந்த ஆட்டம் பள்ளிப் பாடமாயிற்று, தேசத்தின் அடையாளமுமாயிற்று. கொண்டாடிய தேசம் அக்குலத்தாரை எவ்வளவு உயர்த்தியது என்பது வேறு கேள்வி. இன்று கண்டி அரங்குகளில் சுற்றுலாப் பயணிகளுக்காக மாலைதோறும் மணிவலை மின்னுகிறது. ஆனால் தலையில் சூடும் வெஸ் முடியை மரபில் எவரும் தாமாக எடுத்து அணிவதில்லை. பல்லாண்டுப் பயிற்சிக்குப் பின், நல்ல நேரம் பார்த்து, குருவே சீடனுக்குச் சூட்டுவார். அதற்கு வெஸ் மங்கல்லய என்று பெயர்.