"தமிழ் மேட்ரிமோனி" என்ற சொல் யாருக்குச் சொந்தம்?

கண்மாய் மீனையும் புளியமரத்தையும் ஏலம் விடுவது இளையரசனேந்தல் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் ஒரு சொல்லையே ஏலம் விட்டால்? விட்டார்கள், விட்டுக்கொண்டும் இருக்கிறார்கள்! அதனால் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் ஒரு வழக்கே போனது.

ஆரம்பம் 1998. அமெரிக்காவில் பில் கிராஸ் தொடங்கிய கோடூ.காம் என்ற தேடுதளம், தேடும் சொற்களை விளம்பரதாரர்களிடம் ஏலத்தில் விற்றது. அதிக விலை கேட்டவருக்கு முதல் இடம், யாராவது கிளிக் செய்தால் மட்டும் காசு. (இதே கம்பெனிதான் 2001ல் ஓவர்ச்சர் என்று பெயர் மாறி, 2003ல் யாஹூவிடம் போனது.) இதில் ஒரு சிக்கல். கேட்ட விலையை அப்படியே கட்ட வேண்டும். அடுத்தவர் 40 சென்ட்டில் நிற்கும்போது எதற்கு 1 டாலர் கட்டுவானேன் என்று முதல் ஆள் 41க்கு இறங்குவார். உடனே மற்றவர் 42 என்பார். இப்படியே ஏறிக்கொண்டே போய், ஒருவர் "இனி கட்டுப்படியாகாது" என்று கீழே இறங்க, மேலே இருப்பவரும் சடாரென்று விலையைக் குறைப்பார். பிறகு மறுபடி ஏற்றம். ஒரே சொல்லின் விலை ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது இதனால்தான்.

2002 பிப்ரவரியில் கூகுள் தனது ஆட்வேர்ட்ஸில் இதை மாற்றியது. ஜெயித்தவர் தனக்கு அடுத்தவரைத் தாண்டத் தேவையான தொகையை மட்டும் கட்டினால் போதும். யோசித்துப் பார்த்தால் நம்மூர் ஏலமும் இதே கணக்குத்தான். மனதுக்குள் 5000 வரை வைத்துக்கொண்டு வந்தவர், அடுத்த ஆள் 3000ல் நின்றுவிட்டால் 3100க்கு எடுத்துப் போகிறார். (இதற்கு நெருக்கமான ஒரு ஏல முறையைப் பற்றி 1961லேயே எழுதியவர் வில்லியம் விக்ரே. 1996ல் நோபல் பரிசு அறிவித்த மூன்றாம் நாளே இறந்துவிட்டார், பாவம்.) கூடவே, விளம்பரத்தை எத்தனை பேர் கிளிக் செய்கிறார்கள் என்பதையும் கூகுள் கணக்கில் சேர்த்தது. குறைந்த விலை கேட்டவரும் மேலே வரலாம்.

ஒரு வாடிக்கையாளரால் எவ்வளவு லாபம் என்பதைப் பொறுத்துத்தான் யாரும் விலை கேட்பார்கள். கோவில்பட்டி கடலை மிட்டாயில் ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் லாபத்தை வைத்து, வீட்டுக்கடன் விற்கும் வங்கி கேட்கும் விலையைக் கேட்க முடியுமா? கல்யாணம் பெரிய வியாபாரம், அதனால் போட்டியும் பெரிது.

அங்கேதான் வழக்கு வந்தது. பாரத் மேட்ரிமோனியை நடத்திய சென்னைக் கம்பெனி கன்சிம் இன்ஃபோ. "பாரத் மேட்ரிமோனி", "தமிழ் மேட்ரிமோனி" என்று தட்டுபவர்களுக்கு ஷாதி, ஜீவன்சாதி போன்ற போட்டியாளர்களின் விளம்பரம் காட்டப்படுகிறது, இது எங்கள் டிரேட்மார்க் என்றார்கள். சொந்தப் பெயருக்கே போட்டி போட்டுக் காசு கட்டுவது என்றால் யாருக்குத்தான் வலிக்காது? ஆனால் 2010 செப்டம்பர் 30ல் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டார். தமிழ், மேட்ரிமோனி இரண்டுமே அந்தச் சேவையை விவரிக்கும் சாதாரணச் சொற்கள். ஜனங்களுக்குச் சட்டென்று புரியட்டும் என்று வைத்த பெயர், அதனாலேயே காப்பாற்றக் கஷ்டமான பெயராகிவிட்டது!

அதே கம்பெனி (பிறகு மேட்ரிமோனி.காம்) 2012ல் போட்டி ஆணையத்திடமும் புகார் கொடுத்தது. 2018 பிப்ரவரியில் ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆனால் அது தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதற்கு. ஆட்வேர்ட்ஸ் விஷயத்தில் தவறில்லை என்றுதான் தீர்ப்பு. 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில், டிரேட்மார்க்கைத் தேடுசொல்லாகப் பயன்படுத்துவது மட்டுமே குற்றமாகாது, அதே நேரம் கூகுள் சும்மா வேடிக்கை பார்க்கும் ஆளும் இல்லை என்றது.

இதில் ஒரு வேடிக்கை. "தமிழ் மேட்ரிமோனி"க்காக இத்தனை அடிதடி நடந்த காலத்தில், தமிழில் எழுதிய தளங்களுக்கு கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் அதிகாரப்பூர்வமாகக் கிடையாது. இந்திக்கு 2014 டிசம்பரில் வந்தது, தமிழுக்கு அந்த அபராதம் விழுந்த அதே 2018 பிப்ரவரியில்தான் வந்தது.