மெழுகும் மின்னொளியும்

மேனியில் வளரும் மிகை மயிரை நீக்கிக்கொள்ளும் வழக்கம் நேற்றுத் தோன்றிய நாகரிகமன்று. ஆயினும், அதற்கெனப் பெண்கள் தேர்ந்துகொள்ளும் வழிகள் இன்று பெரிதும் மாறிவிட்டன. அட்டன், நுவரெலியா நகரங்களின் அழகுநிலையங்களில் மெழுகு உருகுகிறது. அஞ்சற்பொதியில் ஒளிக்கருவியும் தோட்டத்து வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது. மாதந்தோறும் நகருக்குச் சென்று மெழுகிடுவதா, ஒரே தடவையில் பெரும்பணம் கொடுத்துக் கருவியை வாங்கிவிடுவதா என்பது ஆசிரியைகளும், கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் இளம்பெண்களும் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி. விலையை மட்டும் வைத்து இதற்கு விடை காண்பது பொருந்தாது. இவ்விரு முறைகளும் வந்த வழி வேறு. தோலின் நிறத்தோடு அவற்றுக்குள்ள உறவும் வேறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867 ஆம் ஆண்டில் கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும், திருச்சி, மதுரை, சேலம் முதலிய பகுதிகளின் மக்கள் கங்காணிமார் வழியே வந்து சேர்ந்தனர். அவர்களோடு கஸ்தூரி மஞ்சளும், பயற்றம்மாவும், குப்பைமேனி இலையும் பற்றிய கைமருந்தறிவும் மலையேறி வந்தது. பூப்பு நீராட்டு முதல் திருமணம் வரை மஞ்சள் இல்லாத சடங்கு இல்லை. மஞ்சளை நாள்தோறும் தேய்த்துவந்தால் முகத்துப் பூனைமயிர் உதிரும் என்பது பாட்டிமார் நம்பிக்கை. தேய்ப்பினால் மெல்லிய மயிர் சில உதிரக்கூடும். வேரை அழிக்கும் ஆற்றல் மஞ்சளுக்கு உண்டென்று நிறுவப்படவில்லை. 2020 ஆம் ஆண்டில் இறக்குமதித் தடையால் மஞ்சள் விலை வானளவு உயர்ந்தபோது, அந்தப் பழைய சிக்கன வழியும் சிக்கனமாக இல்லாது போயிற்று.

மஞ்சளினும் வலிய மருந்தொன்றைப் பண்டையோர் அறிந்திருந்தனர். அரிதாரம் என்னும் மஞ்சள்நிறக் கனிமத்தைச் சுண்ணாம்போடு குழைத்துப் பூசினால் மயிர் கரைந்துவிடும். துருக்கியக் குளியலகங்களிலும் இக்கலவையே வழங்கிற்று. காமன் கூத்திலும் அருச்சுனன் தபசிலும் வேடம் புனைவோர் “அரிதாரம் பூசுதல்” என்று கூறுவது இக்கனிமத்தின் பெயரால் வந்த வழக்கே. முகத்துக்கு வண்ணமாகவும் மயிருக்கு மருந்தாகவும் பயன்பட்ட அப்பொருள் உண்மையில் பாடாணம். கந்தகமும் ஆர்சனிக்கும் சேர்ந்த நஞ்சு.

மெழுகின் முன்னோர் இத்துணைக் கொடியவர் அல்லர். சர்க்கரையையும் எலுமிச்சைச் சாற்றையும் பாகாக்கி மேனியில் பூசி இழுத்தெடுக்கும் முறை எகிப்திலும் அரபு நாடுகளிலும் நெடுங்காலமாக வழங்குவது. இன்றைய மெழுகு தேன்மெழுகும் பிசினும் கலந்தது, தத்துவம் அதுவே. மயிர் வேரோடு பிடுங்கப்படுகிறது. ஆனால் மயிரை வளர்க்கும் குழி அழிவதில்லை. ஆகவே மூன்று முதல் ஆறு வாரங்களில் மீண்டும் முளைக்கிறது. சூடு மிகுந்தால் தோல் வேகும். சில வேளை மயிர் தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து பருவாகிக் கருந்தழும்பை விட்டுச்செல்லும். எனினும் மெழுகு தோலின் நிறத்தை நோக்குவதில்லை. கரியவருக்கும் வெளியவருக்கும் அது ஒன்றுபோலவே வேலை செய்கிறது. பின்னால் வருவதற்கு இது முக்கியமான குறிப்பு.

மயிரை வேரிலேயே அழித்துவிட வேண்டும் என்ற ஆசை விஞ்ஞானத்தோடு பிறந்தது. 1875 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்ல்ஸ் மிச்செல், கண்ணுக்குள் திரும்பி வளரும் இமைமயிரை ஊசிவழி மின்சாரம் பாய்ச்சி அழித்த முறையை வெளியிட்டார். மயிர் மயிராக அழிக்க வேண்டிய பொறுமையான வேலை அது. 1895 இன் இறுதியில் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டதும் அந்தப் பொறுமை எவருக்கும் இல்லாது போயிற்று. மறு ஆண்டே வியன்னா மருத்துவர் லியோபோல்ட் பிராய்ண்ட், முதுகில் மயிரடர்ந்த மச்சம் கொண்ட ஐந்து வயதுச் சிறுமிக்கு அக்கதிரைப் பாய்ச்சினார். மயிர் உதிர்ந்தது, ஆறாப் புண்ணும் வந்தது. இத்துணை தெளிவான எச்சரிக்கைக்குப் பின்னும், 1920களில் நியூயோர்க் மருத்துவர் ஆல்பர்ட் கைசரின் “டிரைக்கோ” எக்ஸ் கதிர்ப் பொறிகள் அமெரிக்க அழகுநிலையங்களில் நிறுவப்பட்டன. வலியில்லை, தழும்பில்லை என்று விளம்பரம் கூறிற்று. சில ஆண்டுகளில் தோல் சுருங்கியது. புண்களும் புற்றுநோயும் தோன்றின. 1929 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கம் அம்முறையைக் கண்டித்தது. கேடு உடனே தெரியாது என்பதே அந்த வணிகத்துக்கு மூலதனமாய் இருந்தது.

இன்றைய ஒளிக்கருவியை அந்தப் பொறியோடு ஒப்பிடுவது நியாயமன்று. இது கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் அதனை அடுத்த அகச்சிவப்பும் ஆகும். புற்றுநோய் விளைக்கும் எக்ஸ் கதிர் அன்று. 1960 ஆம் ஆண்டில் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கினார். மூன்றாண்டுகளில் லியோன் கோல்ட்மன் அதைத் தோலில் செலுத்தி ஆராய்ந்தார். 1983 இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், தோலில் கருமையான பொருளை மட்டும் தேர்ந்து சுடும் தத்துவத்தை விளக்கினர். மயிரிலுள்ள மெலனின் என்னும் கருநிறப் பொருள் ஒளியை விழுங்கிச் சூடாகிறது. அச்சூடு வேரைச் சிதைக்கிறது. 2008 ஆம் ஆண்டில், வீட்டிலேயே பயன்படுத்தும் லேசர்க் கருவிக்கு அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. கடைகளில் மிகுதியாக விற்கும் கருவிகளோ லேசர் அல்ல. பளிச்சிடும் விளக்கொளியால் இயங்குபவை.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மெலனின் மயிரில் மட்டுமா உள்ளது? தோலிலும் உள்ளது. வெளிறிய தோலும் கரிய மயிரும் கொண்டவரிடம் ஒளி தன் இலக்கைத் தெளிவாகக் காண்கிறது. தோலும் கருத்திருப்பின் ஒளி மேற்றோலையே சுடும்; கொப்புளம், கருந்திட்டு, வெண்திட்டு என்பன பின்தொடரும். தோலை வகுக்கும் அளவுகோலை 1975 இல் வகுத்த பிட்ஸ்பாட்ரிக் முதலில் வெள்ளைத் தோலையே கருத்திற் கொண்டார். பழுப்பும் கருமையும் கொண்ட ஐந்தாம், ஆறாம் வகைகள் பிற்பாடே சேர்க்கப்பட்டன. வீட்டுக் கருவிகளின் கையேடுகள் பெரும்பாலும் ஆறாம் வகையினரை விலக்குகின்றன. பல ஐந்தாம் வகையினரையும் விலக்குகின்றன. தமிழ்ப் பெண்களுள் மிகப் பலர் நான்காம், ஐந்தாம் வகையினர். விளம்பரப் படத்துப் பெண்ணோ இரண்டாம் வகையினள்.

மலைநாட்டுக்கு இன்னொன்றும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஞாயிற்றின் புற ஊதாக் கதிர் பத்து விழுக்காடு அளவில் மிகும். குளிர்காற்றில் வெயிலின் கடுமை தெரிவதில்லை. கொழுந்து மலையில் நிற்பவளின் முன்கை கருத்துவிடுகிறது. வெயிலிற் கருத்த தோலில் ஒளிக்கருவியைப் பயன்படுத்தலாகாது என்பதும் அதே கையேட்டில் உள்ளது. கூடை சுமப்பவளுக்கு வெயிலில்லாத வாரம் ஏது?

செலவையும் எண்ண வேண்டும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்பது நெடிய கோரிக்கைக்குப் பின் 2021 இல்தான் நிர்ணயமாயிற்று. அத்தகைய குடும்பத்தின் மகள் பல வாரச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கும் கருவி, அவள் தோலைக் கண்டதும் இயங்க மறுக்கலாம். நிறமுணரும் அமைப்புள்ள கருவிகள் அவ்வாறு மறுக்கும்; அது நல்ல கருவியின் இலக்கணம். மறுக்காத மலிவுக் கருவிதான் அஞ்சத்தக்கது. வீட்டில் தனிமையாகச் செய்துகொள்ளலாம் என்னும் வாதமும் லயத்து ஒற்றை அறையில் அவ்வளவாகச் செல்லாது.

ஆகவே கரிய தோலினர்க்கு வீட்டுக் கருவியினும் மெழுகே ஏற்றது. நெடுநாட் பயன் வேண்டுவோர் தோல் மருத்துவரை நாடலாம். 1064 நானோமீற்றர் அலைநீளமுள்ள லேசர் மேற்றோலில் அதிகம் தங்காது ஆழச் செல்வதால் கரிய தோலுக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. அதுவும் மயிரைக் குறைக்குமேயன்றி அறவே ஒழிப்பதில்லை. நரைமயிரில் மெலனின் இல்லை. அதனிடம் எந்த ஒளியும் பலிக்காது.

முகவாயில் திடீரெனத் தடித்த மயிர் அரும்பினால் அது வேறு செய்தி. 2008 இல் வெளியான கம்பகா மாவட்ட ஆய்வொன்றில், 15 முதல் 39 வயதுப் பெண்களுள் 6.3 விழுக்காட்டினர்க்குச் சூற்பை நீர்க்கட்டி நோய் இருந்தது. இந்நோயில் மாதவிலக்கு பிறழும். முகத்தில் மயிர் மிகும். இத்தகையோர் சிலர்க்கு ஒளிச் சிகிச்சையே முகமயிரை வளர்த்துவிட்டதும் உண்டு. அரசினர் மருத்துவமனையில் குருதி சோதித்த பின்னரே மெழுகா ஒளியா என்ற பேச்சு.

மெழுகையும் ஒளியையும் கலந்து செய்வதும் வீண். மெழுகு வேரைப் பிடுங்கிவிட்டால் ஒளி சுடுவதற்கு இலக்கே இராது. சவரம் செய்தால் மயிர் தடித்து வளரும் என்று தோட்டங்களில் பெண்கள் அஞ்சுவதுண்டு. அது பிழையென்று அமெரிக்க உடற்கூற்றறிஞர் மில்ட்ரெட் டிராட்டர் 1928 ஆம் ஆண்டிலேயே காட்டினார். ஒளிக்கருவியோடு வரும் கையேடும், ஒளியைப் பாய்ச்சுமுன் அவ்விடத்தைச் சவரம் செய்துகொள்ளுமாறே கூறுகிறது.