கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால் ராமேஸ்வரத்துக்கு என்ன லாபம்?

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்று கடலைப் பார்த்தால், எதிரே சுமார் 30 கிலோமீட்டரில் தலைமன்னார். இப்போது இங்கே மணி 6 என்றால் அங்கேயும் 6தான். ஆனால், 1996 முதல் 2006 வரை அப்படி இல்லை. இலங்கையின் அரசு நேரம் நம்மைவிட முதலில் ஒரு மணி நேரம், பிறகு அரை மணி நேரம் முன்னால் ஓடியது. 'வெயில் காலத்துல கடிகாரத்தை மாத்தி வெச்சா கரன்ட் மிச்சமாகுமே, நாம ஏன் செய்யலை?' என்று உங்களுக்கும் தோன்றியிருந்தால், அந்தப் பத்து வருடக் கதை உங்களுக்குத்தான்.

எதற்காக மாற்றுகிறார்கள்?

இதற்குப் பெயர் பகலொளி சேமிப்பு நேரம், அதாவது டே லைட் சேவிங் டைம். கோடை நெருங்கும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துவார்கள். குளிர்காலத்துக்கு முன் பழையபடி திருப்பி வைப்பார்கள். முதல் உலகப் போரின்போது, 1916-ல், நிலக்கரியை மிச்சப்படுத்த ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் இதைத் தொடங்கின. பிறகு பிரிட்டன், அமெரிக்கா என்று பரவியது.

லண்டனில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். டிசம்பரில் 8 மணி நேரம்கூட இல்லை. கடிகாரத்தை மாற்றாவிட்டால் ஜூனில் அங்கே 4 மணிக்கு முன்பே விடிந்துவிடும். ஊரே தூங்கும்போது வெளிச்சம் வீணாகிறது. அதில் ஒரு மணி நேரத்தை எடுத்து மாலைக்குக் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான்.

நம்ம கடற்கரையில் கணக்கு வேற

ராமேஸ்வரம் பூமத்திய ரேகையிலிருந்து 9 டிகிரி சொச்சம்தான் வடக்கே. இங்கே ஜூன் மாத நீண்ட பகல் சுமார் 12 மணி 40 நிமிடம். டிசம்பர் மாதக் குறுகிய பகல் சுமார் 11 மணி 35 நிமிடம். வருடம் முழுக்க வித்தியாசமே ஒரு மணி நேரம்தான். ஜூனில் 6 மணிக்குச் சற்று முன்பு விடிகிறது, டிசம்பர் கடைசியில் 6.20-ஐத் தாண்டி விடிகிறது. வீணாகும் அதிகாலை வெளிச்சம் என்று ஒன்று இருந்தால்தானே மாலைக்கு மாற்ற முடியும்?

இன்னொரு விஷயம். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ராமேஸ்வரம் அதற்கு மேற்கே, 79.3 டிகிரியில் இருக்கிறது. அதனால் சூரியக் கணக்குப்படி நம் கடிகாரம் ஏற்கெனவே 13 நிமிடம் ஃபாஸ்ட்!

அக்கரையில் நடந்த சோதனை

1996-ல் இலங்கையில் மழை பொய்த்தது. நீர்மின்சாரத்தை நம்பியிருந்த நாடு என்பதால் கடும் மின்வெட்டு. மாலையில் விளக்கு போடும் நேரத்தைத் தள்ளிப்போட, மே 25 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தினார்கள். அக்டோபர் 26 அன்று அரை மணி நேரம் குறைத்தார்கள். மீதி அரை மணி நேரம் அப்படியே தங்கிவிட்டது.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை, பழைய நேரத்திலேயே இருந்தன. ஒரே தீவில் இரண்டு மணி. போர்நிறுத்தத்துக்குப் பிறகு 2002-ல் ஏ9 சாலை திறந்தபோது, வவுனியாவிலிருந்து வன்னிக்குள் போகிறவர் கைக்கடிகாரத்தையும் அரை மணி நேரம் பின்னால் திருப்ப வேண்டியிருந்தது. 'பழைய நேரமா, புது நேரமா?' என்று கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை.

பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது என்ற குறையும் சேர்ந்துகொண்டது. கடைசியில் 2006 ஏப்ரல் 15 அன்று, சித்திரைப் புத்தாண்டையொட்டி, இலங்கை பழைய நேரத்துக்கே திரும்பியது.

இந்தியா மாற்றியதே இல்லையா?

மாற்றியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை இந்தியக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. போர் முடிந்ததும் கைவிடப்பட்டது.

கரன்ட் உண்மையிலேயே மிச்சமா?

பெரிதாக இல்லை. அமெரிக்கா 2007-ல் இந்த நேரத்தைச் சில வாரங்கள் நீட்டித்தது. அந்த நாட்களில் மிச்சமான மின்சாரம் தினமும் அரை சதவிகிதம் அளவுக்குத்தான் என்றது அந்நாட்டு எரிசக்தித் துறை. இண்டியானா மாநிலத்தில் நடந்த ஆய்விலோ வீட்டு மின்செலவு சுமார் 1 சதவிகிதம் கூடியிருந்தது. விளக்குச் செலவு குறைந்தாலும் ஏசி செலவு ஏறிவிட்டது. எல்.இ.டி பல்பும் ராத்திரி முழுக்க ஃபேனும் ஓடும் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஃபாரின்ல சொந்தம் இருக்கா? இதை சேவ் பண்ணிக்கோங்க

* லண்டன்: மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். மற்ற மாதங்களில் ஐந்தரை.
* டொரன்டோ: மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒன்பதரை மணி நேரம் பின்னால். மற்ற மாதங்களில் பத்தரை.
* துபாய், சிங்கப்பூர்: மாற்றமே கிடையாது. துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால்.
* யாழ்ப்பாணம், கொழும்பு: நம்ம நேரமேதான்.

அப்போ, நமக்கு வேணுமா?

வேண்டாம். ராமேஸ்வரத்தில் ஜனவரி கடைசியில் 6.35 வாக்கில்தான் விடிகிறது. வருடம் முழுக்க ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால் அது 7.35 ஆகும். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் பிள்ளைகள் இருட்டில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். கடலுக்குப் போகிறவர்களுக்கோ காற்றும் நீரோட்டமும் எந்தக் கடிகாரத்துக்காகவும் மாறப்போவதில்லை.

வெளிச்சத்தைப் பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால் எளிய வழி இருக்கிறது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாட்டின் நேரத்தை யாரும் தொடவில்லை. தோட்டத்துக்குள் மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாக வேலையைத் தொடங்கி, முன்னதாக முடிக்கிறார்கள். நம்ம ஊரிலும் வெயில் காலத்தில் பள்ளி, அலுவலக நேரத்தை அரை மணி நேரம் முன்னால் வைத்தாலே போதும். கடிகாரம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.