தேறல் இரண்டு: யவனர் மதுவும் மலைநாட்டு மதுவும்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் கல்வராயன் மலையும் மதுவும் இணைத்தே பேசப்படுகின்றன. மெத்தனால் ஆலைப்பொருள், மலைவிளைவு அன்று. இவ்வட்டாரத்தின் பழைய மது எத்தகையது என்பதை அறிய, ‘தேறல்’ என்னும் சங்கச் சொல்லை அது வழங்கும் இடம் நோக்கிப் பிரித்தறிதல் வேண்டும். தெளிந்த மது என்பதே அதன் பொருள். மூலப்பொருளை அச்சொல் சுட்டுவதில்லை.

புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்தும் யவனர் தேறலைப் பாடுகிறார். அங்கு வரும் ‘கலம்’ குப்பி எனவும் மரக்கலம் எனவும் கொள்ளப்படுகிறது. எவ்வாறாயினும் அது கடல்வழி வந்த அரண்மனைப் பொருளே. அத்தகைய மதுவின் பிறப்பிடங்களுள் ஒன்றைக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ விவரிக்கிறார்: சிரியாவின் கடற்கரை நகராகிய லவோதிக்கேயாவை ஒட்டிய மலை, ஏறத்தாழ உச்சிவரை திராட்சைக் கொடிகளால் நிறைந்திருந்தது. அவ்வூர் மது இந்தியாவின் மேலைக்கரையில் பாரிகாசாவில் இறங்கியதைக் கி.பி. முதல் நூற்றாண்டின் ‘பெரிப்ளூஸ்’ பதிவுசெய்கிறது. கீழைக்கரைக்குச் சான்று அரிக்கமேடு. 1945இல் வீலர் அகழ்ந்த அவ்விடத்தில் ஏஜியன் கடலின் கோஸ் தீவு வகையைச் சேர்ந்த, இரட்டை உருளைக் கைப்பிடி கொண்ட மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன.

அரிக்கமேட்டிற்குச் சற்றுத் தெற்கே கடலூரருகில் தென்பெண்ணை கடலில் கலக்கிறது. அவ்வாற்றின் கரையில்தான் மலையமான்களின் கோவலூர், இன்றைய திருக்கோவிலூர், அமைந்துள்ளது. இவ்வண்மை கொண்டு, உள்நாட்டுத் தேறலையும் யவன மதுவெனக் கருதத் தோன்றலாம். மலைபடுகடாம் அதற்கு இடந்தரவில்லை. கல்வராயன் மலைக்கு வடக்கே, செங்கத்தை ஆண்ட நன்னனின் நாட்டைப் பாடும் அந்நூலில் மலைவாழ் மக்கள் கூத்தர்க்கு அளிப்பது, மூங்கிற்குழாயில் ஊறி முதிர்ந்த தேன்மது. அது வடித்திறக்கிய சாராயமும் அன்று, நொதித்த பானம். பாண்டியனுடையது அரசன் தனித்து நுகரும் அரும்பொருள். இதுவோ வழிச்செல்லும் எவர்க்கும் மனையில் கிடைக்கும் விருந்து. சொல் ஒன்றாயினும் பொருளும் அதைச் சூழ்ந்த உறவும் வேறு.

கோவலூர் அவையின் மது எவ்வகைத்து என்பதைவிட, அது கொடையோடு கொண்ட தொடர்பே கபிலரின் நோக்கில் படுகிறது. நாட்காலையில் கள்ளுண்டு மகிழ்ந்திருப்பின் தேரைப் பரிசிலாக அளித்தல் யார்க்கும் எளிது. மலையனோ அம்மகிழ்ச்சி இன்றியே தேர்கள் பல ஈந்தான் என்கிறது புறநானூறு 123.