சென்னை – யாழ்ப்பாணம் வான்வழி

சென்னை – யாழ்ப்பாணம் வான்வழி என்பது மீனம்பாக்கத்திலுள்ள சென்னை பன்னாட்டு வானூர்தி நிலையத்தையும், இலங்கையின் பலாலியிலுள்ள யாழ்ப்பாணம் பன்னாட்டு வானூர்தி நிலையத்தையும் இணைக்கும் வழித்தடம் ஆகும். இவற்றுக்கு இடைப்பட்ட நேர்த்தொலைவு ஏறத்தாழ 353 கி.மீ. (191 கடல் மைல்) ஆகும். வான்வழியில் மதுரை, கோயம்புத்தூர் ஆகிய நகரங்களைவிட யாழ்ப்பாணம் சென்னைக்கு அருகில் உள்ளது.

தொலைவைக் கணித்தல்

இரு நிலையங்களும் ஏறக்குறைய ஒரே நெடுவரையில் அமைந்துள்ளன. சென்னை நிலையம் வடக்கு அகலாங்கு 12.98 பாகையிலும், பலாலி 9.79 பாகையிலும் உள்ளன. வேறுபாடு 3.19 பாகை. ஒரு பாகை அகலாங்கு ஏறத்தாழ 111 கி.மீ. என்பதால், இவ்விரண்டையும் பெருக்கியே தொலைவை அண்ணளவாக அறியலாம்.

பயண நேரம்

பலாலியின் ஓடுபாதை குறுகியது என்பதால் ஏ.டி.ஆர். 72 வகைச் சுழல்விசிறி வானூர்திகள் இத்தடத்தில் பயன்படுத்தப்பட்டுள்ளன. இவை மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. வேகத்தில் பறக்கக்கூடியவை. அவ்வேகத்தில் இத்தொலைவைக் கடக்க 42 நிமிடங்கள் போதும். ஆயினும் தரையில் ஓடுதல், மேலெழுதல், இறங்குதல் ஆகியவற்றையும் சேர்த்து, கால அட்டவணைகளில் 75 முதல் 90 நிமிடங்கள் வரை குறிக்கப்படுகின்றன. 2006 ஏப்ரல் முதல் இலங்கையும் இந்திய நேரத்தையே பின்பற்றுவதால் நேர வேறுபாடு இல்லை.

வரலாறு

பலாலி வான்தளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியரால் அமைக்கப்பட்டது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் சேவை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடந்தது. 1970களின் இறுதியில் அந்நிறுவனம் சேவைகளை நிறுத்தியது. பின்னர் உள்நாட்டுப் போரில் பலாலிச் சுற்றுப்புறம் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டு, அங்கு வாழ்ந்த மக்கள் இடம்பெயர்ந்தனர்.

சேவை இல்லாத அக்காலத்தில், யாழ்ப்பாணத்தவர் தரைவழியாக ஏறத்தாழ 400 கி.மீ. தெற்கே கொழும்புக்குச் சென்று, கட்டுநாயக்காவிலிருந்து ஏறத்தாழ 640 கி.மீ. வடக்கே பறந்து சென்னையை அடைய வேண்டியிருந்தது. அதாவது 353 கி.மீ. தொலைவுக்கு 1,000 கி.மீ.க்கு மேற்பட்ட பயணம்.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 11 அன்று அலையன்ஸ் ஏர் சேவையைத் தொடங்கியது. கோவிட்-19 பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் நின்ற சேவை, 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோ நிறுவனமும் இத்தடத்தில் இணைந்தது.

மேற்குப் புறநகர்களிலிருந்து

சென்னையின் மேற்குப் புறநகர்களில் பூந்தமல்லி மீனம்பாக்கத்திலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவிலும், அம்பத்தூரும் ஆவடியும் ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவிலும் உள்ளன. அம்பத்தூர், ஆவடி ஆகியவற்றிலிருந்து புறநகர் மின்தொடர் வண்டியில் சென்னை சென்ட்ரல் சென்று, அங்கிருந்து மெட்ரோ தொடர்வண்டியில் வானூர்தி நிலையத்தை அடையலாம். பன்னாட்டுப் பயணிகள் வழக்கமாக 3 மணி நேரம் முன்னதாக நிலையத்துக்கு வர வேண்டும் என்பதால், இப்பகுதியினரின் மொத்தப் பயணத்தில் வானில் கழியும் நேரம் ஒரு பகுதி மட்டுமே ஆகும்.